ஜோஷ் கிப்சனுக்கு எத்தனை கட்டம்?

பள்ளிக்கூட நாட்களில் நாம் எல்லோரும் புத்தகக் கிரிக்கெட் ஆடியிருப்போம். வரலாற்றுப் பாடப் புத்தகம்தான் அதற்குச் சரியான கனம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டும். பக்க எண்ணின் கடைசி இலக்கம் ரன். சைபர் வந்தால் அவுட். ஆசிரியர் அசந்த நேரத்தில் கடைசி பெஞ்சில் ஒரு டெஸ்ட் மேட்சே முடிந்துவிடும்.

அந்த ஆட்டத்தில் எனக்கு ஒரு குறை இருந்தது. கவாஸ்கரும் சந்திரசேகரும் அதில் ஒன்றுதான். நிஜத்தில் சந்திரசேகர் டெஸ்டில் 242 விக்கெட் எடுத்தார், ஆனால் அடித்த ரன் மொத்தமே 167. எங்கள் புத்தகத்திலோ அவர் சதம் அடிப்பார், கவாஸ்கர் முதல் பந்திலேயே சைபருக்குப் போவார். ஆளுக்குத் தகுந்தபடி புத்தகம் திறக்க வழி இல்லையே என்று ஏங்கியிருக்கிறேன். அதற்கு வழி கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரிய வந்தது அறுபத்தெட்டு வயதுக்குமேல்.

2024 கடைசியில் மருமகளின் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் பிட்ஸ்பர்க் போயிருந்தோம். மகன் வீடு ஊருக்குக் கிழக்கே மன்றோவில் பக்கம். அங்கிருந்து பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயில் காரில் கொஞ்ச தூரம்தான். கோயில் நாள் போக மற்ற நாட்களில் வெளியே பனி, உள்ளே ஹீட்டர், கையில் வேலை இல்லை. பக்கத்து வீட்டில் என்னைவிட நாலைந்து வயது மூத்த கறுப்பினத்தவர் ஒருவர் தனியாக இருந்தார். ஒருநாள் எங்கள் வாசல் பனியை அவரே தள்ளிவிட்டார். நன்றி சொல்லப் போனவன் காபி குடிக்க உட்கார்ந்தேன். மேஜை முழுக்கச் சீட்டுக்கட்டு அளவில் அட்டைகள், இரண்டு பகடைகள், ஒரு பழைய கால்குலேட்டர்.

என்ன விளையாட்டு என்று கேட்டேன். அவர் சொன்ன பெயர் என் காதில் "அப்பா" என்று விழுந்தது. பிறகுதான் புரிந்தது, அது ஆப்பா. பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் ஊரில் டிக் சைட்ஸ் என்பவர் 1951-ல் விற்கத் தொடங்கிய பேஸ்பால் அட்டை ஆட்டம். அதற்கும் முன்னோடியாக நேஷனல் பாஸ்டைம் என்று ஒன்று இருந்தது. சைட்ஸ் சிறுவயதில் ஆடியது அதைத்தான். 1961-ல் நியூயார்க்கின் ஹால் ரிச்மன் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்று வேறொரு முறையைக் கொண்டுவந்தார். பள்ளிப் பையனாக இருந்தபோதே அவர் யோசித்து வைத்த ஆட்டமாம் அது.

ஆப்பாவின் முறை இதுதான். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை, அதில் 36 கட்டம். இரண்டு பகடைகளை உருட்டுகிறோம். ஒன்றை முதல் இலக்கமாகவும் மற்றதை இரண்டாவது இலக்கமாகவும் படித்தால் 11 முதல் 66 வரை 36 எண்கள் கிடைக்கும். அந்தக் கட்டத்தில் உள்ள குறியீட்டைப் பட்டியலில் பார்த்தால் என்ன நடந்தது என்று தெரியும். 1 என்றால் ஹோம் ரன், நம்முடைய சிக்ஸர் மாதிரி. 13 என்றால் ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று முறை தவறவிட்டு வெளியேறுவது. 14 என்றால் வாக், பந்து சரியாக வராததால் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போவது. அந்த ஆண்டு அவர் உண்மையில் எப்படி ஆடினாரோ அந்த விகிதத்தில் கட்டங்களை நிரப்புவார்கள். பந்து வீசுபவருக்கு ஏ, பி, சி, டி என்று தரம் உண்டு. நல்ல தரம் என்றால் மட்டையாளரின் சில ஹிட் கட்டங்கள் அவுட்டாக மாறிவிடும். என் ஐம்பது வருடக் குறை தீர்ந்தது. இதில் கவாஸ்கர் கவாஸ்கர்தான், சந்திரா சந்திராதான்.

நான் அரசாங்க அலுவலகத்தில் புள்ளிவிவரக் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு கட்டு அட்டையை என் முன்னால் வைத்தார். அவை கம்பெனி அட்டைகள் அல்ல, அவரே கணக்குப் போட்டு அச்செடுத்தவை. 1943-ஆம் ஆண்டின் இரண்டு அணிகள், ஹோம்ஸ்டெட் கிரேஸ், பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸ். தன்னைப் போன்ற ஆர்வலர்கள் சிலருக்கு அனுப்பப் போவதாகவும், அதற்கு முன் வேறொருவர் கண் படவேண்டும் என்றும் சொன்னார். ஆடிட் பண்ணச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1947 வரை அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீக்குகளில் கறுப்பினத்தவருக்கு இடம் இல்லை. சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. எழுதாத விதி என்பதால் மீறுவது இன்னும் கஷ்டம். ஆகவே அவர்கள் தங்களுக்கென்று லீக் அமைத்துக்கொண்டார்கள். 1920-ல் ரூப் ஃபாஸ்டர் முன்னின்று தொடங்கியது முதல் நீக்ரோ நேஷனல் லீக். நீக்ரோ என்ற சொல்லை இன்று யாரும் பயன்படுத்துவதில்லை. ஆனால் லீக்கின் பெயர் அதுதான், வரலாற்றில் அப்படியே நிற்கிறது.

ஹோம்ஸ்டெட் என்பது பிட்ஸ்பர்க்கை ஒட்டிய எஃகு ஆலை ஊர். ஆலைத் தொழிலாளர்கள் ஆடிய அணியை கம் போஸி என்பவர் பெரிய அணியாக வளர்த்தார். 1943-ல் அதில் ஆடியவர்களைப் பாருங்கள். பக் லியனார்ட், ஓட்டத்துக்குப் பெயர் போன கூல் பாப்பா பெல், பந்து வீச ரே பிரவுன், எல்லோருக்கும் மேலே விக்கெட் கீப்பர் மாதிரி கேட்சர் இடத்தில் ஜோஷ் கிப்சன். இவர்கள் எல்லோருமே பிற்காலத்தில் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்கள். அந்த வருட இறுதித் தொடரில் கிரேஸ் அணி பர்மிங்ஹாமை 4-3 என்று வென்றது. ஐந்து வருடம் கழித்து அதே பர்மிங்ஹாம் அணியில்தான் வில்லி மேஸ் பதினேழு வயதில் ஆடத் தொடங்கினார்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் தந்தை ஹோம்ஸ்டெட் ஆலையில் வேலை பார்த்தவர். ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மைதானத்தில் கிப்சன் ஆடியதை நேரில் பார்த்தவர். ஆலை 1986-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது கடைத்தெரு. நினைவுக்காகப் புகைபோக்கிகளை மட்டும் வரிசையாக விட்டு வைத்திருக்கிறார்கள்.

சரி, ஆடிட்டுக்கு வருகிறேன். இரண்டு அணி அட்டைகளையும் வீட்டுக்கு எடுத்து வந்து நான்கு நாள் உட்கார்ந்தேன். கட்டங்களை எண்ணி அணி வாரியாகக் கூட்டினேன். ஹிட் சரியாக இருந்தது. ஹோம் ரன் சரி. 13-க்கு வந்தபோது இடித்தது. முக்கியமான சிலரைத் தவிர மற்றவர்கள் அட்டையில் 13 என்ற எண்ணே இல்லை. அதாவது அந்த ஆட்கள் வருடம் முழுக்க ஒருமுறைகூட ஸ்ட்ரைக் அவுட் ஆகவில்லை. அப்படி ஒரு அணி உலகத்தில் இருக்க முடியாது.

காரணம் கேட்டேன். அந்தக் காலத்து ஸ்கோர் விவரம் கிடைப்பது கறுப்பினத்தவர் நடத்திய பத்திரிகைகளில், பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்றவற்றில். வாரப் பத்திரிகை, இடம் குறைவு. அணிகளோ பஸ்ஸில் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கும். எல்லா ஆட்டத்தின் விவரமும் வந்து சேராது. வந்ததிலும் மட்டையாளருக்கு ரன், ஹிட் இருக்கும், ஸ்ட்ரைக் அவுட் பல நேரம் இருக்காது. விவரம் இல்லாத இடத்தில் அவர் சைபர் என்று எடுத்துக்கொண்டு, மீதிக் கட்டத்தைச் சாதாரண அவுட்டாக நிரப்பிவிட்டார்.

எனக்கு என் பழைய தப்பு ஞாபகம் வந்தது. வேலையில் சேர்ந்த இரண்டாவது வருடம் பயிர் அறுவடைச் சோதனைக் கணக்கு என் கையில். ஒரு கிராமத்தில் குலுக்கல் முறையில் வயல்களைத் தேர்ந்தெடுத்து, ஐந்துக்கு ஐந்து மீட்டர் அளந்து, கதிர் அறுத்து எடை போடுவோம். ஒரு கிராமத்தில் நான்கு வயல். மூன்றில் 9, 10, 11 கிலோ. நான்காவது வயலை நாங்கள் போவதற்கு முன்பே அறுத்துவிட்டார்கள். படிவத்தில் அந்த இடம் காலி. நான் அதில் 0 போட்டு, நான்கால் வகுத்து, சராசரி 7.5 என்று எழுதி மேலே அனுப்பிவிட்டேன். உண்மையில் மூன்றால் வகுத்து 10 என்று வரவேண்டும். நன்றாக விளைந்த ஊர் என் பேனாவால் விளையாத ஊராகப் போயிற்று. அடுத்த பருவத்தில்தான் மூத்த கணக்கர் ஒருவர் கண்டுபிடித்தார். அவர் திட்டவில்லை. "தம்பி, காலி வேற, சைபர் வேற. காலின்னா நாம பாக்கல. சைபர்னா பாத்தோம், ஒண்ணும் இல்ல. பாக்காததுக்குச் சைபர் போட நமக்கு என்ன உரிமை இருக்கு?" என்றார். பிறகு முப்பது வருடம் அந்த வேலையில் இருந்தேன், இதைவிடப் பெரிய பாடம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இந்தக் கதையை அவருக்குச் சொன்னேன். சிரித்துவிட்டு, சரி, இப்போது என்ன செய்வது என்றார். அதற்கு வழி இருந்தது. ஒரு ஸ்ட்ரைக் அவுட் என்பது இரண்டு பேரேட்டில் ஏறும் பதிவு. மட்டையாளருக்குப் பற்று, பந்து வீசியவருக்கு வரவு. மட்டையாளர் பக்கம் காலியாக இருந்தாலும், பந்து வீசியவர்களின் ஸ்ட்ரைக் அவுட் கணக்கு பத்திரிகையில் ஓரளவு நன்றாகவே கிடைத்தது. எதிரணிப் பந்து வீச்சாளர்கள் எடுத்த மொத்தத்தைக் கூட்டி, அதை இந்த அணி ஆட்களுக்கு அவரவர் ஆடிய அளவுப்படி பிரித்துக் கொடுத்தோம். ஆளுக்கு ஆள் துல்லியமாக இராது. ஆனால் அணிக்கு மொத்தம் சரியாக இருக்கும். அட்டையின் பின்பக்கம் "மதிப்பீடு" என்று சின்னதாக அச்சடிக்கச் சொன்னேன். ஒப்புக்கொண்டார்.

அடுத்தது ஜோஷ் கிப்சனின் அட்டை. இதில்தான் இரண்டு நாள் சண்டை.

2020 டிசம்பரில் மேஜர் லீக் பேஸ்பால் ஓர் அறிவிப்பு செய்தது. 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு நீக்ரோ லீக்குகளும் மேஜர் லீக்குகளே என்று. தொடர்ந்து 2024 மே மாதம் அந்த ஆட்டக்காரர்கள் 2,300-க்கும் மேற்பட்டோரின் கணக்கு அதிகாரப்பூர்வப் பதிவில் சேர்ந்தது. லாரி லெஸ்டர், கேரி ஆஷ்வில் போன்ற ஆய்வாளர்கள் பல வருடம் பழைய பத்திரிகைகளைப் புரட்டி, ஆட்டம் ஆட்டமாகச் சேர்த்த கணக்கு அது. அப்படியும் கிடைத்தது ஏறத்தாழ முக்கால் பங்குதான். அந்த ஒரே நாளில், டை காப் நூறாண்டுக்கு நெருக்கமாக வைத்திருந்த வாழ்நாள் சராசரி .367-ஐத் தாண்டி, ஜோஷ் கிப்சன் .372 என்று முதலிடத்துக்கு வந்தார். ஒரே பருவத்தின் சராசரியிலும் அவர்தான் முதல். 1943-ல் .466. ஆயிரம் முறை ஆடினால் 466 முறை ஹிட் என்று அர்த்தம். பேஸ்பாலில் .300 அடித்தாலே நல்ல ஆட்டக்காரர் என்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வருடத் தொடக்கத்தில்தான் கிப்சன் நினைவிழந்து மருத்துவமனையில் கிடந்தார். மூளையில் கட்டி என்று தெரிந்தும் அறுவை சிகிச்சைக்கு ஒப்பவில்லை என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அப்படி எழுந்து வந்து ஆடிய ஆட்டம் அந்த .466.

கணக்கு எளிது. 36 கட்டத்தில் வாக்குக்கு 5 போனால் மீதி 31. அதில் .466 பங்கு என்றால் 14 கட்டம் ஹிட். பந்து வீச்சாளரின் தரத்துக்காக ஒன்றிரண்டு கூடக் கொடுக்கலாம். ஆனால் அவர் அட்டையில் 12 கட்டம்தான் இருந்தது. அது .387 ஆகிறது. ஏன் குறைத்தீர்கள் என்றேன்.

குறைந்த ஆட்டங்கள் என்றார். மேஜர் லீக்கில் அப்போது வருடத்துக்கு 154 ஆட்டம். நீக்ரோ லீக்கில் கணக்கில் சேரும் லீக் ஆட்டங்கள் அதில் பாதிகூட வராது. மற்றவை ஊர் ஊராகப் போய் ஆடியவை, அவை கணக்கில் இல்லை. குறைந்த ஆட்டத்தில் சராசரி எகிறும், முழு வருடம் ஆடினால் இறங்கும் என்றார். புள்ளியியல்படி அவர் சொன்னது தப்பில்லை. சிறிய மாதிரியை நம்பாதே என்று நானே எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

ஆனால் அவர் அலமாரியில் 2020-ஆம் ஆண்டு மேஜர் லீக் அட்டைகளும் இருந்தன. கொரோனா வருடம், ஒவ்வோர் அணிக்கும் 60 ஆட்டம்தான். அந்த வருடம் அமெரிக்கன் லீக்கில் டி.ஜே. லமேஹியு .364 அடித்து முதலில் வந்தார். அந்த அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தேன். .364-க்கு உரிய கட்டங்கள் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன. இவருக்கு ஏன் குறைக்கவில்லை என்று கேட்டேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், "அதைக் கம்பெனிக்காரன் போட்டான், யாரும் கேட்க மாட்டார்கள். இதை நான் போடுகிறேன். நம்ம ஆள் என்பதால் கூட்டிப் போட்டுவிட்டான் என்று சொல்வார்கள். என் அப்பா கிப்சனைப் பற்றிச் சொன்னதையெல்லாம் வெளியில் யாரும் நம்பியதில்லை. அதனால் நானே கொஞ்சம் குறைத்துச் சொல்லிப் பழகிவிட்டேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அன்று வீட்டுக்கு வந்துவிட்டேன். என் மனைவியிடம் சொன்னபோது அவள், "நம்ம பிள்ளைக்கு மார்க் போடும்போது கையை இறுக்கிப் போடற வாத்தியார் மாதிரிதானே இது" என்றாள். அவள் ஆசிரியையாக இருந்தவள். தன் வகுப்பில் படித்த எங்கள் மகனுக்கு அவள் அப்படித்தான் போட்டாள் என்பது அவனுக்கு இன்றுவரை வருத்தம்.

மறுநாள் போய் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, இந்த அட்டை ஒருவருடைய உள்ளார்ந்த திறமையை ஊகிக்க வந்தது அல்ல. அந்த வருடம் நடந்ததை மறுபடி நடத்திப் பார்க்க வந்தது. நடந்தது .466 என்றால் அட்டையில் இருக்க வேண்டியதும் அதுதான். இரண்டு, குறைக்கத்தான் வேண்டும் என்றால் எல்லோருக்கும் ஒரே அளவுகோலில் குறையுங்கள், லமேஹியுவுக்கும் சேர்த்து. ஒருவருக்கு மட்டும் குறைத்தால் அது எச்சரிக்கை ஆகாது, பழைய வழக்கம் தொடர்வதுதான்.

அப்படியானால் பத்து முறை ஆடி ஐந்து ஹிட் அடித்த மாற்று ஆட்டக்காரனுக்கு .500 அட்டை கொடுத்துவிடலாமா என்று மடக்கினார். நியாயமான கேள்வி. கொடுங்கள், ஆனால் அவன் நிஜத்தில் எத்தனை ஆட்டம் ஆடினானோ அத்தனை ஆட்டத்துக்கு மேல் இறக்கக் கூடாது என்று எழுதிவையுங்கள் என்றேன். இந்த ஆட்டம் ஆடுகிறவர்களிடம் இப்படி ஒரு வழக்கம் முன்பே உண்டாம். அதோடு சமாதானம் ஆயிற்று. கிப்சனுக்கு 14 கட்டம், தரத்துக்காக இன்னும் ஒன்று, ஆக 15. அவரே அச்செடுத்து வெட்டினார். வெட்டும்போது கை கொஞ்சம் நடுங்கியது. வயதாகவும் இருக்கலாம்.

பிப்ரவரியில் 1943 இறுதித் தொடரை நாங்கள் இருவரும் ஆடினோம். கிரேஸ் அவருக்கு, பர்மிங்ஹாம் எனக்கு. பேத்தியைத் தொட்டிலில் விட்டுவிட்டு நான் பகடை உருட்டப் போவதை என் மனைவி பொறுத்துக்கொண்டாள். நிஜத்தில் ஜெயித்தது கிரேஸ். எங்கள் மேஜையில் 4-3 என்று பர்மிங்ஹாம் ஜெயித்துவிட்டது. மூன்றாவது ஆட்டத்தில் கிப்சனுக்கு 66 விழுந்தது. ஹோம் ரன். அவர் எழுந்து நின்று கை தட்டினார், நானும் தட்டினேன், என் அணிக்கு நஷ்டம் என்றாலும்.

கிப்சன் 1947 ஜனவரி 20 அன்று இறந்தார். வயது 35. மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக் மைதானத்தில் இறங்கினார். புகழ் மண்டபப் பட்டயத்தில் கிப்சனின் ஹோம் ரன் ஏறத்தாழ 800 என்று இருக்கிறது. அதிகாரப்பூர்வக் கணக்கில் 200-கூட வரவில்லை. மீதி எல்லாம் கணக்கில் சேராத ஊர்களில், எழுதப்படாத ஆட்டங்களில் அடித்தவை. அவற்றை யாரும் சைபர் என்று சொல்லிவிட முடியாது.

ஊர் திரும்பும் முன் அலெகெனி கல்லறைத் தோட்டத்துக்கு அவர் என்னைக் காரில் கூட்டிப் போனார். கிப்சன் புதைக்கப்பட்ட இடத்தில் 1975 வரை பெயர்க் கல்லே கிடையாதாம். இருபத்தெட்டு வருடம் வெறும் தரை. இப்போது பெயரும் ஆண்டுகளும் பொறித்த சிறிய கல் இருக்கிறது. மேலே பனி மூடியிருந்தது. அவர் குனிந்து கையுறையால் துடைத்துவிட்டார். திரும்பி வரும்போது இருவரும் அதிகம் பேசவில்லை.

கிப்சன் அட்டையில் ஒரு பிரதியை எனக்குக் கொடுத்தார். என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பேத்தி வளர்ந்து வந்தால் முதலில் புத்தகக் கிரிக்கெட் சொல்லிக் கொடுப்பேன், பிறகு இதை.